குளிர்ந்த தண்ணீரும் முதல் ஒரு நிமிடமும்

உறைந்த ஏரியில் ஐஸை வெட்டித் திறந்த இடத்தில் நான் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் படம் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்? உடம்பு இளைக்குமா? சளி பிடிக்காதா? நாங்களும் ஆரம்பிக்கலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கே விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கணவரின் வேலைக்காக ஃபின்லாந்தின் தம்பெரே நகரத்துக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. இங்கே குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தொன்பது. நான் டாக்டர் இல்லை. ஆனால் என் உடம்பை ஒரு காரியத்தில் இறக்குவதற்கு முன்னால் அதைப் பற்றித் தேடிப் படித்துவிடுவது என் வழக்கம். படித்ததையும் பட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியது முதல் ஒரு நிமிடத்தை. நமக்குக் கிடைக்கிற நன்மையில் பெரும்பங்கு அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். ஆபத்தில் பெரும்பங்கும் அங்கேதான்.

அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது? குளிர்ந்த தண்ணீர் பட்டவுடன் தோலில் இருக்கும் குளிர் உணரும் நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. நம்மைக் கேட்காமலே வாய் திறந்து, பெரிதாக ஒரு மூச்சை உள்ளே இழுக்கிறது. அதன் பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமாக ஓடுகிறது. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போகும்போதே இந்த அதிர்ச்சி தொடங்கிவிடுகிறது, 10 முதல் 15 டிகிரிக்குள் உச்சத்தைத் தொடுகிறது என்கிறார்கள். முதல் அரை நிமிடத்தில் மிகக் கடுமையாக இருந்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும்.

குளிர்ந்த ஆற்றிலோ கடலிலோ தவறி விழுந்து இறப்பவர்கள் விறைத்துப்போய் இறக்கிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். உடம்பின் உள்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்க அரை மணி நேரமாவது பிடிக்கும். பலர் அதற்கு வெகு முன்பே, முதல் சில நிமிடங்களிலேயே, அந்த முதல் மூச்சோடு தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவதால் இறக்கிறார்கள். கரையில் ஒரு நிமிடம் மூச்சை அடக்கக்கூடிய ஆள் கூடக் குளிர்ந்த தண்ணீருக்குள் பத்து நொடி அடக்கத் திணறுவார். அதனால்தான் இங்கிலாந்தில் கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றும் ஆர்என்எல்ஐ அமைப்பு, விழுந்தவுடன் நீந்தப் பார்க்காதீர்கள், மல்லாந்து மிதந்துகொண்டு மூச்சு அடங்கும் வரை காத்திருங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கினார். உறையும் குளிரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம்.

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. இந்த அதிர்ச்சி பழகப் பழகக் குறையும். ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் இருந்தாலே அது கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது என்று டிப்டன் குழு காட்டியிருக்கிறது. அப்படிப் பழகியதன் தடம் மாதக்கணக்கில் உடம்பில் நிற்கிறதாம். குளிரின் பலன்களாகச் சொல்லப்படும் எதையும் விட என்னை அதிகம் கவர்ந்தது இதுதான். நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று என்று நினைத்ததை, சில நாள் பொறுமையில் உடம்பு தானே கற்றுக்கொள்கிறது.

நான் கற்றுக்கொண்ட இடம் ரௌஹனியெமி. நாசியார்வி ஏரிக்கரையில் 1929-லிருந்து இருக்கும் பொதுக் குளியலிடம். தம்பெரேயில் பொதுச் சௌனாக்கள், அதாவது உட்கார்ந்து வியர்க்கும் சூட்டு அறைகள், அறுபதுக்கு மேல் இருக்கின்றன, 1906-இல் தொடங்கிய ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரௌஹனியெமியில் ஆண்களும் பெண்களும் நீச்சலுடையோடு ஒரே சௌனாவில்தான் உட்கார்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் அது போய்விட்டது. எண்பது தொண்ணூறு டிகிரி சூட்டில் உட்கார்ந்துவிட்டுக் கதவைத் திறந்தால் வெளியே மைனஸ் பத்து. மரப்பாலத்தில் நடந்து, கைப்பிடியைப் பிடித்துப் படியில் இறங்க வேண்டும். சுற்றிலும் ஏரி கெட்டியாக உறைந்து கிடக்கும். படியைச் சுற்றி மட்டும் உறைந்துவிடாமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க ஏற்பாடு செய்திருப்பார்கள். தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஐஸ் வெட்டித் திறந்த இந்த இடத்தை அவந்தோ என்கிறார்கள்.

என்னை அங்கே கூட்டிப்போனது காப்பகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டார். அவர் எனக்குச் சொன்னது மொத்தமே மூன்று விஷயம். தலையில் கம்பளித் தொப்பி, கையில் உறை, காலில் ரப்பர் காலுறை போட்டுக்கொள். தலையை முக்காதே. மூச்சை வெளியே விட்டபடி இறங்கு.

மூன்றாவதுதான் எல்லாம். படியில் ஒரு கால் வைக்கும்போது வாயைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவது போல, மெதுவாக மூச்சை வெளியே விட ஆரம்பிக்க வேண்டும். மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு, வயிறு, மார்பு என்று தண்ணீர் ஏறும். உடம்பு உள்ளே இழுக்கத் துடிக்கும். நாம் வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பக்கத்துப் படியில் நின்று, நான் மூச்சை விடும் சத்தத்தைக் காதால் கேட்டபடி, "இன்னும் விடு, இன்னும் விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரசவ அறையில் தாதி சொன்ன அதே தொனி. எத்தனை எண்ணும் வரை தாங்கினாய் என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. நேரத்தை யாரும் அங்கே பேசிக்கொள்வதில்லை. பெரும்பாலானவர்கள் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை இருந்துவிட்டு ஏறிவிடுகிறார்கள்.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, ஐஸ் தண்ணிக்குள்ள இறங்கி உடம்புக்கு என்னமும் வந்துட்டா அங்க யாரு பாக்குறது?" என்றார். "ஒண்ணும் ஆகாதும்மா, கூட நாலு பேர் நிக்காங்க" என்றேன். அப்புறம் அவரே, "குத்தாலத்துல தண்ணி தலையில விழும்போது எல்லாரும் ஹோன்னு கத்துவோம்லா, அது மாதிரியா?" என்று கேட்டார். எனக்கு அது வரை தோன்றாத விஷயம். ஆனி, ஆடிச் சாரலில் மெயினருவியில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் கத்துவார்கள். சின்ன வயதில் அது குஷியில் கத்துவது என்று நினைத்திருந்தேன். குஷிதான். ஆனால் கத்துவது என்றால் மூச்சை வெளியே விடுவதும்தானே. ஃபின்லாந்துப் பெண்மணி எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை எங்கள் ஊர்க் கூட்டம் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்திருக்கிறது.

சரி, பலன் என்ன? இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் யூடியூபில் சொல்வதில் பாதிக்கு மேல் மிகை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். செக் குடியரசின் பிராக் நகரத்தில் இளைஞர்களை 14 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுத்தளவு உட்காரவைத்து அளந்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வு. ரத்தத்தில் நோரட்ரினலின் 530 சதவீதமும் டோபமின் 250 சதவீதமும் கூடியிருந்தன. விழிப்பையும் கவனத்தையும் தூண்டும் ரசாயனங்கள் இவை. நாம் யாரும் ஒரு மணி நேரம் உட்காரப் போவதில்லை, அதனால் அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் தண்ணீரிலிருந்து ஏறியதும் மனம் துலங்கி, வெகுநேரம் சுறுசுறுப்பாக இருக்கிறதே, அதற்கு ஒரு காரணம் இங்கே தெரிகிறது. டிசம்பரில் இங்கே தம்பெரேயில் ஒன்பதரை மணிக்கு மேல்தான் விடியும், மூன்று மணிக்கு இருட்டிவிடும். அந்த மாதங்களில் எனக்கு ஏரியிலிருந்து திரும்பும் மாலைதான் நாளிலேயே வெளிச்சமான நேரம்.

சளி பற்றிக் கேட்டவர்களுக்கு நெதர்லாந்து ஆய்வைச் சொல்ல வேண்டும். 2016-இல் வெளியானது, 3018 பேர். எல்லோரும் வழக்கம்போல வெந்நீரில் குளித்துவிட்டு, கடைசியில் சிலர் 30 நொடி, சிலர் 60, சிலர் 90 நொடி குளிர்ந்த தண்ணீரில் நின்றார்கள், முப்பது நாளுக்கு. இன்னொரு பிரிவினர் வெந்நீரோடு நிறுத்திக்கொண்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் நின்றவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு லீவு போட்டது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. அதாவது சளி வந்தது, ஆனாலும் எழுந்து வேலைக்குப் போகும் தெம்பு இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 30 நொடி நின்றவர்களுக்கும் 90 நொடி நின்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. யாராவது உங்களிடம் பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் பலன் என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இளைக்குமா என்பது அதிகம் பேர் கேட்ட கேள்வி. நமக்குள் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வகை இருக்கிறது. கழுத்து, காறை எலும்பின் மேல்புறம் போன்ற இடங்களில் கொஞ்சமாக இருக்கும். இதன் வேலை எரிந்து சூடு தருவது. கைக்குழந்தைகளுக்குத்தான் இது உண்டு என்று நினைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கும் இருக்கிறது, வேலையும் செய்கிறது என்று 2009-இல் ஒரே நேரத்தில் மூன்று ஆய்வுக் குழுக்கள் நிரூபித்தன. குளிர் அதைத் தூண்டுகிறது என்பது உண்மை. டென்மார்க்கில் சூசன்னா சூபர்க் என்பவர் குளிர்காலத்தில் நீந்தும் இளைஞர்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார். வாரத்துக்கு மொத்தம் பதினோரு நிமிடம் என்று இணையத்தில் சுற்றும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்த நீச்சல்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆண்கள். அதை வைத்துத் தொப்பை குறையும் என்று சொல்வது அநியாயம். குளிர்ந்துவிட்டு வந்தால் நன்றாகப் பசிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளைப்பதற்காக என்றால் இதில் இறங்க வேண்டாம்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தசை வளர்க்க எடை தூக்கிவிட்டு உடனே ஐஸ் தண்ணீரில் உட்காராதீர்கள். பன்னிரண்டு வாரம் அப்படிச் செய்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது என்று 2015-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. வேறு நேரத்தில் குளியுங்கள்.

2025 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் பதினோரு ஆய்வுகளை, 3177 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் இருந்த உடனே உடம்பில் அழற்சி கூடுகிறது, குறைவதில்லை. மன அழுத்தம் குறைவது பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தெரிகிறது. தூக்கம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் கொஞ்சம் முன்னேற்றம். அவ்வளவுதான் இப்போதைக்கு நம்பிச் சொல்ல முடிந்தது. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. அரை நிமிடத் தண்ணீர் இவ்வளவு தந்தாலே அதிகம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஃபின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2315 ஆண்களை இருபது வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. வாரத்தில் நாலு முதல் ஏழு நாள் சௌனாவில் உட்கார்ந்தவர்களுக்கு இதய நோயால் வரும் மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. குளிர்ந்த தண்ணீரின் பெருமையாக இதை எடுத்துப் போடுகிறார்கள். அது சௌனாச் சூட்டின் ஆய்வு. ஏரிக்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது.

இனி என் சொந்த விஷயம். தோழிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதவிடாய் நிற்கும் காலம் எனக்கு நாற்பத்தாறிலேயே ஆரம்பித்துவிட்டது. நெஞ்சிலிருந்து திடீரென்று சூடு கிளம்பி முகம் முழுக்கப் பரவும். கழுத்து நனையும், நெஞ்சு படபடக்கும். காப்பகத்தில் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது வரும். இரவு இரண்டு மணிக்கு வரும்போது போர்வையைத் தள்ளிவிட்டு, வெளியே மைனஸ் இருபதில் பனி கொட்டிக்கொண்டிருக்க ஜன்னலைத் திறந்து நிற்பேன். அதைவிட மோசம், காரணமே இல்லாமல் வரும் பதற்றம். அழுகை முட்டிக்கொண்டு நிற்கும். நம் வீடுகளில் இதையெல்லாம் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் அம்மா இதே வயதில் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1114 பெண்களிடம் கருத்துக் கேட்டு 2024-இல் வெளியிட்டார்கள், எல்லோரும் குளிர்ந்த தண்ணீரில் நீந்துகிறவர்கள். மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேர் பதற்றம் குறைந்தது என்றார்கள், 30 சதவீதம் பேர் இந்தச் சூட்டு அலை குறைந்தது என்றார்கள். ஏற்கெனவே நீந்துவதை விரும்புகிறவர்களிடம் கேட்டது இது. எனவே நிரூபணம் என்று சொல்ல முடியாது. என் உடம்பில் நடந்ததும் இதுதான். சூடு முழுக்கப் போகவில்லை. ஏரிக்குப் போய்வந்த இரவுகளில் நடுவில் எழாமல் தூங்குகிறேன். பதற்றத்தில்தான் பெரிய மாற்றம். நெஞ்சு படபடத்து மூச்சு வேகமாகும்போது, இந்த இடம் எனக்குத் தெரிந்த இடம் என்று உடம்பு சொல்கிறது. ஏரிப்படியில் ஒவ்வொரு முறையும் சந்திக்கிற அதே படபடப்பு, அதே மூச்சு. அங்கே செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறேன், மெதுவாக வெளியே விடுகிறேன். ஒரு நிமிடத்தில் அடங்குகிறது. முதல் நிமிடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மருந்துக்குப் பதில் இது என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் போங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சரி, நீங்கள் எப்படி ஆரம்பிப்பது? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறையில் இருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீரே போதும். சென்னை, மதுரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வெயில் காலத்தில் முப்பது டிகிரிக்கு மேல் போய்விடும், அது குளிர்ந்த தண்ணீரே இல்லை. அங்கே பக்கெட்டில் ஐஸ் போட வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 28 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஐஸ் கரைந்தால் ஏறக்குறைய 18 டிகிரிக்கு வரும். இரண்டு கிலோ கரைந்தால் 10 டிகிரி. ஆரம்பிப்பவருக்கு ஒரு கிலோ தாராளம். 20 டிகிரித் தண்ணீரே மூச்சைப் பிடிக்கும், பயப்படாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டியது. பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ச்சியைக் கூட்டலாம்.

வழக்கம்போலக் குளித்து முடியுங்கள். பிறகு இந்தத் தண்ணீரைக் கப்பில் மொண்டு முதலில் பாதத்தில் ஊற்றுங்கள். அப்புறம் முழங்கால், தொடை, கைகள், வயிறு, கடைசியில் தோளும் முதுகும். என் ஆச்சி கிணற்றடியில் எங்களைக் குளிப்பாட்டிய வரிசையும் இதுவே. முதுகில் ஊற்றும்போதுதான் மூச்சு அதிகம் பதறும். ஒவ்வொரு கப்பும் உடம்பில் விழும் நேரத்தில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். மூச்சு பதறினால் அடுத்த கப்பை ஊற்றாமல் நில்லுங்கள், அடங்கட்டும். ஆரம்பத்தில் மொத்தம் பதினைந்து நொடி போதும், போகப்போக அரை நிமிடம். ஒரு முழு வாக்கியத்தை நிதானமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். தினமும் செய்ய வேண்டும் என்பதில்லை, ஆனால் முதல் சில வாரம் இடைவெளி அதிகம் விடாமல் செய்தால் சீக்கிரம் பழகும்.

முகத்தைத் திடீரென்று ஐஸ் தண்ணீரில் முக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முகத்தில் குளிர் பட்டால் இதயத் துடிப்பு குறையும். உடம்பில் குளிர் பட்டால் துடிப்பு கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இதயத்துக்கு இரண்டு எதிரெதிர்க் கட்டளைகள் போகின்றன. சிலருக்கு அதனால் துடிப்பின் தாளம் தப்பிவிடலாம் என்று டிப்டனும் மைக்கேல் ஷட்டாக்கும் 2012-இல் எழுதினார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கும் பயிற்சியும் கூடவே கூடாது. தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும், அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மூச்சுப் பயிற்சி பிடித்திருந்தால் பாயில் படுத்துக்கொண்டு செய்யுங்கள், தண்ணீர்ப் பக்கம் வேண்டாம்.

யார் இறங்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். இதய நோய், துடிப்புக் கோளாறு, கட்டுக்குள் வராத பிரஷர், வலிப்பு உள்ளவர்கள் வேண்டாம். கர்ப்பிணிகள் வேண்டாம். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்கள், குளிர் பட்டால் தோல் தடிக்கிறவர்கள், வீசிங் உள்ளவர்கள், சுகரால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு கப் கூட ஊற்றிக்கொள்ள வேண்டாம். என் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, பிரஷர் இருக்கிறது. அவர் ஆசையாகக் கேட்டபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மலைப்பக்கம் போய்க் குளம், அணை, அருவி என்று இறங்குகிறவர்கள் தனியாகப் போகவே கூடாது. குடித்திருந்தால் கிட்டேயே போகக் கூடாது. குதிக்காமல் படிப்படியாக நடந்து இறங்குங்கள். அருவியில் வெள்ளம் என்று போலீஸ் தடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். காற்றை விட இருபத்தைந்து மடங்கு வேகத்தில் தண்ணீர் நம் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், அதனால் நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே ஏறிவிட வேண்டும். ஏறிய பிறகும் சில நிமிடங்களுக்கு உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் முதலில் துவட்டுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், தலையை மூடுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள். கொஞ்ச நேரம் வண்டி ஓட்ட வேண்டாம். கை நடுங்கும், கவனமும் சிதறும்.

குழந்தைகளை இறக்கலாமா என்று இரண்டு மூன்று தாய்மார் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டில் கைக்குழந்தைகளைக் குளிர்காலத்திலும் தள்ளுவண்டியில் நன்றாகப் போர்த்தி வெளியே தூங்கவைப்பார்கள். எங்கள் காப்பகத்துப் பிள்ளைகள் பனியில் தினமும் விளையாடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே பிள்ளைகளை எல்லாம் ஐஸ் தண்ணீரில் போடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அது குளிர்ந்த காற்று, உடம்போ கதகதப்பான உடைக்குள். சிறு பிள்ளைகளுக்குச் சூடு வேகமாக இறங்கிவிடும். அவர்கள் சாரலில் நனைந்து விளையாடட்டும், ஐஸ் பக்கெட் வேண்டாம்.

கடைசியாக, பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகன் கேட்டது: மோட்டார் வைத்துத் தானே குளிரூட்டும் தொட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறான், லட்சத்துக்கு மேல் விலை, வாங்கலாமா என்று. தம்பி, வேண்டாம். பக்கெட், கப், ஒரு கிலோ ஐஸ் போதும். தண்ணீரில் வைத்து அளக்கிற சின்ன வெப்பமானி ஒன்று மட்டும் வாங்கிக்கொள். கையை விட்டுப் பார்த்து டிகிரி சொல்ல யாராலும் முடியாது. 18 என்று நினைத்துக்கொண்டு 10-இல் இறங்கிவிடக் கூடாது.